மெல்லிசை மன்னரின் துள்ளிசை

திரிகூடமலையின் அடிவாரத்தில் அமைந்த குற்றாலத்திற்கு வானம் வழங்கும் நீர் இருவகையாக வந்து சேரும். ஒன்று சாரல்; மற்றொன்று அருவி. ஆனித் திங்களில் தென்மேற்குப் பருவக்காற்று முகிலைச் சுமந்து வருங்கால், பொடிப்பொடியாகச் சிதறும் சாரல் நனைப்பது தெரியாமலே மேனியை நனைக்கும். அருவியின் இயல்பு வேறு. பேரருவியின் நீர் மலையுச்சியினின்று நேரே தரைக்கு வருவதில்லை. இடையில் பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த குழியில் வீழ்ந்து, ஒரு கணம் அடங்கி, பின்பு பொங்கி எழுந்து துள்ளிப் பாய்கின்றது. அதன்கீழ் நிற்பவர் வாளா நிற்றல் இயலாது. கை வீசுவர், கூவுவர், குதிப்பர். சாரலும் அருவியும் ஒரே முகிலின் கொடையே. ஆயினும் ஒன்று மென்மையால் இன்புறுத்தும். மற்றொன்று துள்ளலால் இன்புறுத்தும்.

கலைஞர் சிலரிடத்தும் இவ்விரு தன்மையும் ஒருங்கே அமைவதுண்டு. ஆனால் உலகம் அவருள் ஒரு தன்மையையே கண்டு, அதற்கேற்ப ஒரு பட்டத்தைச் சூட்டிவிடும். பின்பு அப்பட்டமே அவருடைய மற்றைத் தன்மையை மறைக்கும் திரையாகிவிடும். தமிழ்நாட்டுத் திரையிசையில் அவ்வாறு பாதி அறியப்பட்டும் பாதி மறைக்கப்பட்டும் நிற்கின்ற பெரியார் ஒருவர் உளர். அவரே மெல்லிசை மன்னர் ம. சு. விசுவநாதன் ஆவார்.

விசுவநாதனைக் கேளாத மாணவர் தமிழகத்தில் ஒருவரும் இலர். காலைதோறும் பள்ளியில் அனைவரும் எழுந்து நின்று பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தினைப் பாடியவர் மனோன்மணீயம் சுந்தரனார். 1970ஆம் ஆண்டு தமிழக அரசு அதனை அரசு விழாக்களில் பாடுதற்குரியதாக ஏற்றபோது, மோகனப் பண்ணில் திசிர நடையில் அதற்கு இசை வகுத்தவர் விசுவநாதன். 55 விநாடியில் முடியும் அவ்விசையில் அமைதியும் வணக்கமும் நிறைந்துள்ளன. அதனை அமைத்த அதே உள்ளமே, பத்தாண்டு கழித்துப் பெருமுரசும் பித்தளைக் குழல்களும் அதிர, இளைஞர் எழுந்தாடும் ‘பில்லா’ படத்தின் இசையையும் அமைத்தது என்றால், முதற்கண் வியப்பே உண்டாகும். அவ்வியப்பின் காரணத்தை ஆராய்தல் பயனுடையது.

விசுவநாதன் 1928ஆம் ஆண்டு சூன் 24ஆம் நாள் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார், வறுமை வாட்டியது. நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்றார். திரைப்பட அரங்கில் சிற்றுண்டி விற்றும், படப்பிடிப்பு நிலையத்தில் ஏவிய பணியைச் செய்தும் காலங் கழித்தார். எஸ். எம். சுப்பையா நாயுடு, சி. ஆர். சுப்பராமன் ஆகிய இசையமைப்பாளர்களின் நிழலில் தொழில் கற்றார். 1952ஆம் ஆண்டு சுப்பராமன் மறைந்தபோது, அவர் முடிக்காது விட்ட படங்களை முடித்துக் கொடுக்கும் பொறுப்பு விசுவநாதனுக்கும், வயலின் வல்லுநரான திருச்சிராப்பள்ளி டி. கே. இராமமூர்த்திக்கும் வாய்த்தது. அவ்வாண்டே ‘பணம்’ என்னும் படத்தில் இருவரும் இணைந்து இசையமைத்தனர். அவ்விணைப்பு 1965ஆம் ஆண்டு ‘ஆயிரத்தில் ஒருவன்’ வரையில் நிலைத்தது. 1963ஆம் ஆண்டு சென்னையில் நடந்த விழாவில் ‘மெல்லிசை மன்னர்கள்’ என்னும் பட்டம் அவர்களுக்குச் சூட்டப்பெற்றது. இருவரும் பிரிந்தபின், ‘மெல்லிசை மன்னர்’ என்று ஒருமையில் விசுவநாதனை மக்கள் அழைக்கலாயினர்.

பட்டம் பொருத்தமானதே. ஆயினும் ‘மெல்லிசை’ என்னும் சொல்லைக் கேட்டவர், தாலாட்டும் காதற்பாட்டும் மட்டுமே அவருக்குரியவை எனக் கருதத் தலைப்பட்டனர். அப்பட்டம் கிடைத்த மறு ஆண்டின் படங்களை நோக்கினாலே அக்கருத்துப் பிழையென்பது விளங்கும். 1964ஆம் ஆண்டு வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ என்னும் படத்தில், வேலையிழந்த இளைஞன் ஒருவன் தோட்ட முதலாளியின் முன்னே கொட்டகையிட்டு, மீண்டும் வேலை கேட்டுப் பாடும் காட்சி உண்டு. அம்முதலாளியின் பெயரும் விசுவநாதனே! வேலையிழந்தவன் பாட்டு அழுகைப் பாட்டாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் அங்கே ஒலிப்பது, அந்நாளில் மேலைநாட்டு இளைஞரிடையே பரவியிருந்த ‘ராக் அண்ட் ரோல்’ என்னும் துள்ளல் இசை. உரிமை கேட்பவன் கூனிக் கேளாது ஆடிக் கேட்கின்றான். இசையின் நடையே அவனுக்கு முதுகெலும்பாகின்றது.

அதே ஆண்டில் வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் வேறொரு புதுமையைக் காணலாம். நாகேசு ஆடும் ஒரு பாடலின் காட்சியில், அப்பாடல் பதிவு செய்யப்படும் அரங்கமும் உடன் காட்டப்படுகின்றது. டி. எம். சௌந்தரராசன் ஒலிவாங்கியின் முன்னே நின்று பாடுகின்றார். இசைக்கருவியாளர் வரிசையாக அமர்ந்துள்ளனர். அவர்களுக்கு எதிரே விசுவநாதன் நின்று கையசைத்து நடத்துகின்றார். பாடல் என்பது பாடுவோர் ஒருவரின் குரல் மட்டுமன்று. பலர் மூச்சும் பலர் விரலும் ஒரு நொடியில் ஒன்றுபடும் கூட்டுத்தொழில் என்பதனை அக்காட்சியினின்றும் நாடு கண்ணாரக் கண்டது. மேலைநாட்டு இசைமுறை அறிந்த ஹென்றி டேனியல், ஜோசப் கிருஷ்ணா முதலியோர் அவருக்கு உதவியாளராக இருந்தனர். அக்கார்டியன் வாசித்த மங்களமூர்த்தி, கித்தார் வாசித்த பிலிப்ஸ் முதலிய வல்லுநர் அவர் குழுவில் விளங்கினர். நாட்டிசையில் ஊறிய தலைவரும் மேலையிசையில் தேர்ந்த துணைவரும் கூடியமையால், எந்நாட்டுத் தாளமும் அக்குழுவிற்கு அயலாகத் தோன்றவில்லை.

இனி, அமெரிக்க நாட்டில் தோன்றி 1970ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய இரண்டு ஆட்ட இசைகளைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். ஒன்று ‘ஃபங்க்’, மற்றொன்று ‘டிஸ்கோ’. ஃபங்க் என்னும் நடையை 1960ஆம் ஆண்டுகளின் நடுவில் உருவாக்கியவர்களுள் தலையாயவர் ஜேம்ஸ் பிரௌன் என்னும் கறுப்பினக் கலைஞர். தாள வட்டத்தின் முதலடியில் பளுவை ஏற்றி, எஞ்சிய அடிகளைப் பல கருவிகளும் பங்கிட்டுக்கொள்ளச் செய்தல் அந்நடையின் இயல்பு. அதில் கித்தார் பண்ணிசைப்பதனினும் தாளம் கொட்டுதலையே பெரிதாகச் செய்யும். நரம்பைத் தெறித்த கணமே விரலால் அடக்கிவிடுவர். தாழ்சுரக் கித்தார் முன்னே ஓடி வழிகாட்டும். பித்தளைக் குழல்கள் நீண்டு ஊதாமல், வெட்டி வெட்டி ஒலிக்கும். ஒலிக்கும் ஒலியைப்போலவே ஒலியாது விட்ட இடைவெளியும் அங்கே பொருளுடையது.

டிஸ்கோ என்பது, இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்து மக்கள் கூடியாடும் விடுதியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் குறுக்கம். அதன் தாளம் எளிது. நான்கு அடிகளிலும் பெருமுரசு ஒத்த வலிமையுடன் விழும். அவ்வடிகளின் இடையிடையே இணைத்தட்டுகள் கலின் கலின் என்று ஒலிக்கும். நிமிடத்திற்கு ஏறத்தாழ 120 அடி என்பது அதன் வேகம். விரைந்து நடப்பவன் காலடியை அது ஒத்தது. ஆடப் பயிலாதவரும் ஆடத்தகுந்த தாளமாதலின், அது கடல் கடந்து பரவியதில் வியப்பில்லை. பெங்களூரில் பிறந்து இலண்டன் சென்ற பிட்டு என்னும் இந்தியர், 1974ஆம் ஆண்டிலேயே இத்தகைய ஆட்டப் பாடலொன்றை அமைத்து உலகப்புகழ் பெற்றார் என்பது நாம் மகிழ்தற்குரிய செய்தி.

இவ்விசைகளை அந்நாளைய கற்றோர் பலர் வெறுத்தனர். நம் நாட்டில் மட்டுமன்று. அவை பிறந்த நாட்டிலும் அவ்வாறே. 1979ஆம் ஆண்டு சூலை 12ஆம் நாள், சிகாகோ நகரத்து விளையாட்டுத் திடலொன்றில் டிஸ்கோ இசைத்தட்டுகளைப் பெட்டியில் குவித்து வெடிவைத்துத் தகர்த்தனர். கூட்டத்தினர் திடலுக்குள் பாய்ந்து ஆரவாரித்தமையால், தொடர்ந்து நடக்கவேண்டிய ஆட்டமும் நின்றது. ஓர் இசை தமக்குப் பிடிக்கவில்லையென்றால் கேளாதிருத்தல் எளிது. அதனை வெடிவைத்து அழிக்க எழும் சினமோ, இசையைக் கடந்து, அவ்விசைக்குரிய மக்கள்மீதும் பாய்வதாகும். டிஸ்கோவை வளர்த்தவர் கறுப்பின மக்களும் இலத்தீன் அமெரிக்க வழிவந்தவரும் என்பதனை எண்ணுவார்க்கு இவ்வுண்மை விளங்கும்.

அதே 1979ஆம் ஆண்டு, சித்திரைப் புத்தாண்டு நாளில், தமிழகத்தில் ‘நினைத்தாலே இனிக்கும்’ என்னும் படம் வெளிவந்தது. இயக்கியவர் கே. பாலசந்தர், பாடல்கள் இயற்றியவர் கண்ணதாசன், இசை விசுவநாதன். இசைக்குழுவைச் சேர்ந்த இளைஞர் சிங்கப்பூர் செல்லும் கதை அது. அதற்கு முந்திய படங்கள் பலவற்றில் மேலைநாட்டுத் துள்ளிசை பெரும்பாலும் கொடியவரின் மாளிகைக்கும் இரவு விடுதிக்குமே உரியதாக இருந்தது. அவ்விசை கேட்டாலே தீயவர் வரப்போகின்றனர் என்று கொள்ளுமளவிற்கு அவ்வழக்கம் வேரூன்றியிருந்தது. இப்படத்திலோ அது கதைத்தலைவனின் சொந்த மொழியாயிற்று. அவன் மகிழ்வதும் காதலிப்பதும் கலங்குவதும் அவ்விசையிலேயே. விசுவநாதனுக்கு அப்போது வயது ஐம்பத்தொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. பத்துக்கு மேற்பட்ட பாடல்களில், இருபது வயதினர் நெஞ்சத்துடிப்பை அவர் பிடித்துக் காட்டினார். சிவபெருமான் திருப்பெயரைச் சொல்லித் தொடங்கும் பாடலொன்றை அவரே பாடினார். முதிர்ந்த குரல், இளைய தாளம். இரண்டும் முரணவில்லை.

1980ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் ‘பில்லா’ வெளிவந்தது. இந்தியில் 1978ஆம் ஆண்டு வந்த ‘டான்’ படத்தின் தமிழாக்கம் அது. அதில் தன் பெயரைத் தானே முழங்கி நாயகன் ஆடும் பாடலில், ஃபங்க் நடையின் தாழ்சுரக் கித்தாரும் டிஸ்கோவின் முரசும் கைகோத்துச் செல்கின்றன. எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரல் அவற்றின்மேல் அலைமேற் படகெனத் தாவிச் செல்கின்றது. இருபத்தேழு ஆண்டு கழித்து, 2007ஆம் ஆண்டில், அப்படம் மீண்டும் எடுக்கப்பட்டபோது, இசையமைப்பாளர் யுவன் சங்கர் ராஜா அப்பாடலைப் புதுக்கி அமைத்தாரேயன்றி நீக்கினாரில்லை. தாத்தா ஆடிய தாளத்திற்குப் பேரனும் ஆடினான்.

இத்தகைய இரட்டைத் தன்மை ஒரு நாட்டிற்கு மட்டும் உரியதன்று. செருமனி நாட்டிலே பிரேமன் நகரில் 1929ஆம் ஆண்டு பிறந்த ஜேம்ஸ் லாஸ்ட் என்பார், பெரிய இசைக்குழுவொன்றின் தலைவர். தொடக்கத்தில் தாழ்சுர வில்யாழ் வாசித்தவர். இல்லத்தில் அமர்ந்து இளைப்பாறக் கேட்கும் மெல்லிசைக்கே அவர் பெயர் பெற்றார். 1965ஆம் ஆண்டு தொடங்கி அவர் வெளியிட்ட, இடைவிடாது ஆடுதற்குரிய இசைத்தட்டுகள் வீடுதோறும் ஒலித்தன. அவரும் 1975ஆம் ஆண்டு அமெரிக்கா சென்று, ஃபங்க் நடையில் ஓர் இசைத்தட்டு அமைத்தார். அதன் பெயர் ‘வெல் கெப்ட் சீக்ரெட்’. நன்கு காக்கப்பட்ட மறைபொருள் என்பது அதன் கருத்து. பெயர் எத்துணைப் பொருத்தம்! மென்மைக்குப் பெயர்பெற்றவரின் துள்ளல், ஊரறியாத மறைபொருளாகவே போய்விடுகின்றது. ஜேம்ஸ் லாஸ்ட் 2015ஆம் ஆண்டு சூன் 9ஆம் நாள் மறைந்தார். ஐந்தே வாரத்தில், சூலை 14ஆம் நாள், விசுவநாதன் மறைந்தார். இருவருக்கும் எழுதப்பட்ட புகழுரைகளில் மென்மையே முன்னின்றது.

மென்மையைப் போற்றுதல் தவறன்று. துள்ளலைத் தாழ்ந்ததென்று தள்ளுதலே தவறு. ஆடத்தூண்டும் இசை ஆழமற்றது என்னும் எண்ணம் கற்றோரிடையே நெடுங்காலமாக உண்டு. அவ்வெண்ணத்திற்கு மறுமொழி தேடிக் கடல் கடக்க வேண்டுவதில்லை. தென்காசியைச் சுற்றியே அது கிடக்கின்றது.

தென்காசியை அடுத்த மேலகரத்தில் பிறந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். குற்றாலத் தலபுராணமும் யமக அந்தாதியும் பாடிய பெரும்புலவர் அவர். யமகமாவது ஒரே எழுத்துத்தொடர் அடிதோறும் மடங்கிவந்து வேறுவேறு பொருள் தருவது. கற்றார்க்கும் அரிய வித்தை. அத்தகைய புலவரே குறத்தியும் குறவனும் ஆடிப்பாடும் திருக்குற்றாலக் குறவஞ்சியையும் பாடினார். அதில் வசந்தவல்லி பந்தாடும் பகுதியைப் படிப்பவர், சொற்கள் பந்தைப்போலவே எழுந்தும் விழுந்தும் துள்ளுதலை உணர்வர். மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்கச் சொக்கநாதர் அந்நூலைக் கேட்டு மகிழ்ந்து கவிராயருக்கு நிலம் வழங்கினார். அந்நிலம் ‘குறவஞ்சிமேடு’ எனப் பெயர் பெற்றது. புராணம் பாடிய புலவர் தெருக்கூத்தின் தாளத்திற்கு இறங்கினாரே என்று எவரும் இன்று இகழ்வதில்லை. உண்மை நோக்கின், அவர் பெயரை நாடெங்கும் நிறுத்தியது குறவஞ்சியே.

சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அண்ணாமலை ரெட்டியாரும் அத்தகையரே. திரிபந்தாதி பாடும் புலமை வாய்ந்தவர்; ஊற்றுமலைக் குறுநிலத் தலைவரால் போற்றப்பெற்றவர். அவர் புகழுக்கு நிலைக்களமாயிருப்பது காவடிச்சிந்து. கழுகுமலை முருகனை நோக்கிக் காவடி சுமந்து நடப்பார் காலடிக்கேற்ப அமைந்த பாட்டு அது. தோளில் சுமை, காலில் ஆட்டம், நாவில் தமிழ். கால் தளர்ந்தோரை நடக்கச் செய்யும் பாட்டு, காதுக்கு மட்டும் இனிக்கும் பாட்டினும் தாழ்ந்ததாகுமோ?

குற்றாலத்துச் சித்திர சபையோ இதனினும் பெரிய சான்று. கூத்தப்பெருமானுக்குரிய ஐந்து மன்றங்களுள் அது ஒன்று. தில்லை முதலிய இடங்களில் செம்பிலும் பொன்னிலும் விளங்கும் ஆடல், இங்கே ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. ஆட்டத்தைத் தெய்வத்தின் தொழிலாகக் கண்ட நாட்டிற்கு ஆடத்தூண்டும் இசை எவ்வாறு இழிந்ததாகும்? குற்றாலத்தில் வாழ்ந்து 1954ஆம் ஆண்டு மறைந்த இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், கவிதையைக் கண்ணால் படித்தல் போதாது, அதன் தாளமும் உருவமும் விளங்கச் செவியால் கேட்டல் வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் எடுத்துரைத்தார். பாட்டின் உயிர் அதன் நடையில் உள்ளதென்பதை அறிந்த ஊர் இது.

இவ்வட்டாரத்துச் சிற்றூர்களில் கோயில் கொடை நாளன்று இரவில் மெல்லிசைக் குழுவினர் மேடையேறுவது வழக்கம். முதலில் இறைவணக்கப் பாடல். பின்பு மென்மையான பழம்பாடல்கள். நள்ளிரவு கடந்தபின் துள்ளிசை. அத்தகைய ஒரு கொடைநாளில், தவில் கேட்டுப் பழகிய முதியவர் ஒருவரும், மேலைநாட்டு முரசு பயிலும் அவர் பேரனும் மேடையருகே அமர்ந்திருந்தனர். பில்லா படத்துப் பாடல் தொடங்கியது.

“தாத்தா, இந்தப் பாட்டில் கித்தார் தாளத்தோடு சேர்ந்து வரவில்லை, கேட்டீர்களா? அரையடி தள்ளியே வருகின்றது. இது தவறில்லையா?” என்று பேரன் கேட்டான்.

முதியவர் தொடையில் தாளமிட்டபடி சிறிது நேரம் கேட்டார். “தவறில்லை, ஐயா. அடி விழுந்தபின் பாட்டை எடுப்பது ஒரு முறை. அடி விழுமுன்னே எடுப்பது ஒரு முறை. அநாகதம், அதீதம் என்று நம் பெரியவர்கள் அவற்றிற்குப் பெயரே வைத்திருக்கின்றார்கள். தவில்காரர் தனி வாசிக்கும்போது, அடி இப்போது விழும் என்று நாம் கையை ஓங்குவோம், அவர் விழவிடமாட்டார். பிறகு விழும்போது நமக்கு உடம்பே சிலிர்க்கும். இதுவும் அதுதான்” என்றார்.

“அப்படியானால் இது வெளிநாட்டுச் சரக்கில்லையா, தாத்தா?”

“கருவி வெளிநாட்டது, நடையும் வெளிநாட்டது. கேட்டுச் சிலிர்க்கும் உடம்பு நம்முடையது. நம்மிடம் இல்லாத ஒன்றை நம் உடம்பு எப்படி உடனே அறிந்துகொள்ளும்?” என்றார் முதியவர். பேரன் விடையின்றி மேடையை நோக்கினான். அவன் காலும் தாத்தாவின் கையும் ஒரே அடியில் விழுந்துகொண்டிருந்தன.

அம்முதியவர் கூறியதில் பேருண்மை ஒன்று உண்டு. பிறநாட்டுக் கலையைக் கொள்வதில் இருவகையுண்டு. உள்ளீடின்றி மேற்போர்வையை மட்டும் எடுத்துப் போர்த்துக்கொள்வது ஒருவகை. அது நாளடைவில் வெளுத்துவிடும். தன்னிடம் உள்ளதனோடு ஒப்புநோக்கி, ஒத்த இடத்தில் பொருத்திக்கொள்வது மற்றொரு வகை. விசுவநாதன் கொண்டது இரண்டாம் வகை. அவர் மேலைத் தாளத்தை எடுத்தாண்டபோதும் தமிழ்ச்சொல்லின் குறில் நெடிலைச் சிதைக்கவில்லை. கண்ணதாசன் சொல்லும் கருத்தைக் கருவிகளின் ஆரவாரம் விழுங்கிவிடாதபடி, சொல் வருமிடத்தில் கருவியை ஒதுக்கி, சொல் முடியுமிடத்தில் பித்தளைக் குழலை விடுவார். தமிழ்த்தாய் வாழ்த்தில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக ஒலிக்கச் செய்த அதே கவனம், ஆட்டப்பாட்டிலும் குறையவில்லை. ஆதலின் அவருக்கு உயர்ந்த பாட்டு, தாழ்ந்த பாட்டு என்று இரண்டில்லை. நன்றாகச் செய்த பாட்டு என்னும் ஒன்றே உண்டு எனலாம்.

துள்ளிசை யாவும் போற்றுதற்குரியவை என்பது இதன் கருத்தன்று. சொல் நயமின்றியும் கருத்து நாணமின்றியும் வந்த பாடல்கள் அக்காலத்தும் இருந்தன, இக்காலத்தும் உள்ளன. அவற்றை ஒதுக்குதல் நல்லறிவு. ஆனால் பிழை சொல்லில் இருப்பின் சொல்லைக் குறைகூறல் வேண்டும். தாளத்தின்மேல் பழி சுமத்துதல் முறையன்று. நெல்லில் பதர் உண்டென்று வயலை எரிப்பாரும் உளரோ?

இன்று கவலைக்குரியது வேறொன்று. கொடைமேடைகளில் இருபது கருவியாளர் அமர்ந்த காலம் மாறி, முன்னரே பதிவுசெய்த இசையை ஒலிக்கவிட்டு ஒருவர் பாடும் வழக்கம் பெருகியுள்ளது. செலவு குறைவதனால் அதனைக் குறைகூறுதல் அரிது. ஆயினும் தாழ்சுரக் கித்தார் வாசிப்பவரும் பித்தளைக்குழல் ஊதுபவரும் அதனால் மேடையிழக்கின்றனர். துள்ளிசையில்தான் இவர்கள் கைத்திறன் முழுதும் வெளிப்படும். அவ்விசையை இளப்பமாக எண்ணும் சமூகம், அதனை வாசித்தவர் மறைவதையும் இளப்பமாகவே எண்ணும். ஒருவர் அடி தவறினாலும் பாட்டு முழுதும் சாயும் என்று அறிந்து, இருபது பேர் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி வாசித்த ஒழுங்கு, எந்திரத்தில் இல்லை. ஒரு பாடல் மறைந்தாலும் மீட்டுக்கொள்ளலாம். அதனை வாசித்த கைப்பழக்கம் மறைந்தால் மீட்பது அரிது.

தென்காசியில் உலகம்மையுடன் விளங்கும் இறைவன் பெயரும் விசுவநாதனே. 15ஆம் நூற்றாண்டில் அத்திருக்கோயிலை எடுத்த பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இக்கோயிலுக்கு ஏதேனும் குறை நேருமாயின் அதனை நீக்கிக் காப்பவரைத் தான் பணிவதாகக் கல்வெட்டில் பொறித்து வைத்தான். கட்டியவன் பெருமையினும் காப்பவன் பெருமையை மேலாக மதித்த மன்னன் அவன். கல்லால் எடுத்த கோயிலுக்கு மட்டுமன்று, ஒலியால் எடுத்த கோயிலுக்கும் அச்சொல் பொருந்தும். காப்பதெனின் முழுவதையும் காத்தல் வேண்டும். கருவறையை மட்டும் போற்றி ஆடரங்கை இடியவிடுதல் காப்பாகாது.

ஆதலின் மாணவர்கள் ஒருவரை அறியப் புகும்போது, அவருக்கு உலகம் இட்ட பட்டத்தோடு நின்றுவிடாமல், அவர் செய்தவற்றை எல்லாம் நோக்குதல் வேண்டும். ஆசிரியர் என்பார்க்குள் ஓவியர் இருத்தல் கூடும். கணக்கர் என்பார்க்குள் கூத்தர் இருத்தல் கூடும். அமைதியான மாணவன் ஒருவனுக்குள்ளும் ஒரு முரசு ஒலித்துக்கொண்டிருக்கலாம். நாளைக் காலையில் தமிழ்த்தாய் வாழ்த்திற்கு எழுந்து நிற்குங்கால், அவ்விசையைத் தந்தவர் நம்மை அசையாது நிற்கவும் கற்பித்தார், அசைந்து ஆடவும் கற்பித்தார் என்பதனை நினைவிற் கொள்வது, அவருக்கு நாம் செலுத்தும் நிறைந்த நன்றியாகும்.